புது ஆர்தோட்டிக் போட்டபின் ஸ்கீ பூட்ஸில் கால் மரத்துப்போகிறது, ஸ்கீ வெளிப்பக்கம் சாய்கிறது

வெள்ளைச்சரிவு:
நான்கு பருவமாக ஒரே பூட்ஸ். அளவு 26.5, அகலம் 100 மி.மீ. எனக்குத் தட்டைப் பாதம். சறுக்கும்போது முழங்கால் இரண்டும் உள்ளே மடங்கும். அதற்காக ஒரு கடைக்காரர் கணுக்காலருகே இருக்கும் திருகைத் தளர்த்தி, பூட்ஸின் மேல்பட்டையை உட்புறம் சாய்த்துக் கொடுத்தார். அப்படியே ஓட்டிவந்தேன்.

இந்த ஆண்டு, நடைக்காலணிக்கென்று அச்செடுத்துச் செய்த ஆர்தோட்டிக்கை (பாத வளைவைத் தாங்கும் உள்தாங்கி) அப்படியே பூட்ஸுக்குள் போட்டேன். இருபது நிமிடத்தில் புறங்கால் மரத்து, விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரிவதில்லை. போதாததற்கு, நேராகப் போகும்போதே ஸ்கீ இரண்டும் வெளிவிளிம்பில் நிற்கின்றன, வலப்பக்கம் மோசம். பூட்ஸின் அடியைச் சாய்வாக இழைத்தால் சரியாகும் என்கிறார்கள் கடையில். இழைக்கலாமா?

திருகாணி:
இழைக்கும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். இழைத்த பிளாஸ்டிக் திரும்ப வளராது.

பூட்ஸோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டுத்தானே இதைப் போட்டீர்கள்? சிரிக்காதீர்கள், இரண்டையும் அடுக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டின் குதிகால் தடிமனையும் அளந்து சொல்லுங்கள். பிறகு லைனரை, அதாவது உள்ளே இருக்கும் மெத்தை உறையை, உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்சுவரைத் தொட நின்று, குதிகாலுக்குப் பின்னால் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் நீளத்தில் குறையில்லை. ஆர்தோட்டிக்கை ஓட்டின் அடிப்பலகைமேல் வைத்து அழுத்தியும் பாருங்கள், ஆடுகிறதா?

வெள்ளைச்சரிவு:
எடுத்துவிட்டுத்தான் போட்டேன், மானம் தப்பியது. பழையது 3 மி.மீ., புதியது 7. குதிகாலுக்குப் பின்னால் 16 மி.மீ. வலது கால் ஆர்தோட்டிக் நன்றாகவே ஆடுகிறது; அதன் குதிகாலுக்கு அடியில் ஆப்பு போல ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது.

திருகாணி:
பாதி விடை வந்துவிட்டது. பாதம் 4 மி.மீ. உயர்ந்திருக்கிறது, ஓட்டின் கூரை உயரவில்லை. புறங்காலில் ஓடும் நரம்பும் இரத்தக்குழாயும் இடையில் நசுங்குகின்றன. புறங்கால் பக்கிளைத் திறந்தபடி ஓர் எளிய சரிவில் மெதுவாக இறங்கிப் பாருங்கள்; அப்போதும் மரத்தால் இடப்பற்றாக்குறைதான். பெரும்பாலான பூட்ஸில் அடிப்பலகை கழன்று வரும், அதைத் தேய்த்து இடம் எடுக்கலாம். முன்னும் பின்னும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். இல்லையென்றால் குதிகாலிலிருந்து விரலுக்கு இறங்கும் சரிவு மாறி, நிற்கும் நிலையே கெட்டுவிடும்.

ஆனால் முதலில் ஆர்தோட்டிக்கை மாற்றுங்கள். நடைக்கானது குதிகாலில் ஊன்றி விரலில் உந்தும் பாதத்துக்குச் செய்யப்படுவது. பூட்ஸுக்குள் பாதம் எங்கும் போவதில்லை. இருந்த இடத்திலேயே லேசாக உட்பக்கம் சரிந்து விளிம்பு பிடிக்கிறது. வளைவைத் தாங்கினால் போதும், விறைப்பாக முட்டுக்கொடுத்தால் அந்தச் சரிவும் போய்விடும். அடி தட்டையாக, வளைவில் சற்று இளகக்கூடியதாக, பூட்ஸுக்கென்றே செய்யச் சொல்லுங்கள்.

தூக்குக்குண்டு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெளிவிளிம்புக்கான காரணம் முதல் பதிவிலேயே இருக்கிறது. மேல்பட்டையை உட்புறம் சாய்த்தது பழைய தட்டைப் பாதத்துக்காக. ஆர்தோட்டிக் வளைவைத் தூக்கியதும் கெண்டைக்கால் நிமிர்ந்துவிட்டது. பட்டை பழைய சாய்விலேயே நிற்கிறது. கால் அதன் வெளிச்சுவரைத் தள்ள, பூட்ஸ் மொத்தமும் வெளியே உருள்கிறது.

புது ஆர்தோட்டிக் வந்ததும், லைனர் இல்லாமல் அதை மட்டும் ஓட்டுக்குள் வைத்து, கால்களை இடுப்பகலத்துக்கு விட்டு, முழங்காலை லேசாக மடக்கி நில்லுங்கள். இன்னொருவர் முன்னாலிருந்து பார்த்து, கெண்டைக்காலின் இரு பக்கமும் ஒரே இடைவெளி வரும்வரை திருகைத் திருப்பட்டும். அந்தத் திருகு காலைத் திருத்த அல்ல, காலின் சாய்வுக்குப் பட்டையைக் கொண்டுவர. உங்கள் கடைக்காரர் செய்த பிழையே அங்குதான் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு லைனரைப் போட்டு, பக்கிள் பூட்டி, முழங்கால் சில்லின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். நூல் பூட்ஸின் நடுக்கோட்டிலோ சற்றே உட்புறமோ விழுந்தால் அடியைத் தொட வேண்டியதில்லை. இழைத்தே ஆக வேண்டுமென்றால் அது அரை டிகிரி, ஒரு டிகிரிக் கணக்கு. ஐஎஸ்ஓ 5355 (சரிவு ஸ்கீ பூட்ஸுக்கான தர அளவு) வகை அடியாக இருந்தால், இழைத்தபின் முன்முனையை 19 மி.மீ., குதிகால் முனையை 30 மி.மீ. உயரத்துக்கு மீண்டும் கொண்டுவந்து, பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பொறி) சரியாக விடுபடுகிறதா என்று கருவியில் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாத கடையில் கொடுக்காதீர்கள். விழும்போது ஸ்கீ கழலாவிட்டால் போவது முழங்கால்.

திருகாணி:
ஒப்புக்கொள்கிறேன், பழைய சாய்வை நான் கவனிக்கவில்லை. பூட்ஸைக் கழற்றி நெடுநேரம் ஆகியும் மரப்பு விலகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளைச்சரிவு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புதிய ஆர்தோட்டிக் குதிகாலில் 4 மி.மீ.தான், ஆடவில்லை. அடிப்பலகையில் 1 மி.மீ. தேய்த்ததோடு மரப்பு நின்றுவிட்டது. திருகுதான் படுத்திவிட்டது, இறுகிப்போயிருந்ததைக் கழற்றவே ஒரு மாலை போனது. இடது நூல் நடுக்கோட்டில் விழுகிறது. வலது இன்னும் 3 மி.மீ. வெளியே. ஆனால் ஸ்கீ தட்டையாக ஓடுவதால், இந்தப் பருவம் முடியும்வரை அடியை இழைக்கப்போவதில்லை.