ஐயக்கருதல்: புகையா, மூட்டமா?

வணக்கம் நண்பர்களே,

முழு உறுதி இல்லாத தகவலை வைத்து இயந்திரம் முடிவுக்குப் போவதை ஆங்கிலத்தில் ‘reasoning under uncertainty’ என்கிறார்கள். அதற்குத் தமிழாகப் போன மடலில் வந்த ‘நிச்சயமின்மையின் கீழ் பகுத்தறிதல்’ எனக்கு ஒப்பவில்லை. அந்தக் ‘கீழ்’ தமிழில் நிற்கவே இல்லை. ‘பகுத்தறிவு’ வேறொரு இயக்கத்தின் நினைவையும் இழுத்து வருகிறது. ‘நிகழ்தகவுத் தர்க்கம்’ பரவாயில்லை, ஆனால் குறுகியது. லொட்ஃபி சாதே 1965இல் தொடக்கிய பஸி தொடைகள் (fuzzy sets: ஒரு பொருள் ஒரு தொகுதியில் ஓரளவு மட்டும் சேரலாம் என்னும் கணிதம்) அதற்குள் அடங்கா.

பொருளைப் பார்ப்போம். ஓகஸ்ட் மாதம் இலங்கை மலையகத்தில் ஊவாப் பக்கம் மானாப்புல் காய்ந்து கிடக்கிறது. ஹப்புத்தளைச் சரிவைப் பார்த்து ஒரு கெமரா. வெள்ளையாக ஏதோ எழும்புகிறது. காட்டுத்தீயா, பள்ளத்திலிருந்து ஏறும் மூட்டமா, தோட்டத் தொழிலாளர் லயத்து அடுப்புப் புகையா? படத்தைப் பார்த்து ‘புகை’ என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: இப்படித் தெரியும் நூறு வெண்படலங்களில் ஒன்றுதான் தீப்புகை. உண்மைப் புகை வந்தால் கெமரா 90% கண்டுபிடிக்கும். மற்றவற்றிலும் 10%ஐப் புகை என்றுவிடும். அப்போது அது ‘புகை’ என்றாலும் தீ இருக்க வாய்ப்பு 12இல் 1தான். வறட்சியில் அந்த நூற்றுக்கு ஒன்று நூற்றுக்கு இருபதாகிறது என்றால், அதே படத்துக்கு வாய்ப்பு ஏறத்தாழ 69%. தாமஸ் பேய்ஸ் இறந்தபின் 1763இல் வெளிவந்த கட்டுரையில் இருந்து வளர்ந்த கணக்கு இது. இப்படிப் பல காரணங்களை வலையாகக் கோத்து இயந்திரம் கருதும் வழியை கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ல் 1988இல் நூலாகவே விரித்தெழுதினார்.

இதற்குத் தமிழில் இடம் இருக்கிறது. சைவ சித்தாந்த அளவையில், அதாவது அறிவு பெறும் வழிகளில், காண்டல் (நேரே காண்பது), கருதல் (கண்டதை வைத்து ஊகிப்பது), உரை (நம்பத்தக்க சொல்) என்று மூன்று. காட்சியில் ஐயக்காட்சி (இதுவா அதுவா என்று தெளியாத காட்சி) என்று ஒன்றைத் தனியாகவே பிரித்திருக்கிறார்கள். மணிமேகலையின் 29ஆம் காதை இன்னும் கிட்ட வருகிறது: ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது அங்கே ஒரு ஏதுப்போலி, அதாவது காரணம்போல் தோன்றும் பிழையான காரணம். நம் மலையில் அன்றாடம் கண்முன் நிற்கும் அதே ஐயம்! இன்றைய ஆய்வு அந்த ஐயத்தைத் தள்ளாமல் அளந்து, எண்ணாக அடுத்த படிக்குக் கொண்டுபோகிறது.

ஆகவே என் முன்மொழிவு ஐயக்கருதல். ஐயக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால், ஐயம் பார்ப்பதில் இருக்கிறதா, முடிவுக்குப் போகும் வழியில் இருக்கிறதா என்பது உடனே பிரியும். இரண்டையும் சேர்க்கும் ஆய்வுத்துறைக்கு ‘புலக்காட்சி–ஐயக்கருதல் இணைவு’ எனலாம். காட்சி என்று மட்டும் எழுதினால் சினிமாக் காட்சி என்று படிப்பார்கள். புலக்காட்சி உளவியல் பாடநூலில் ஏற்கெனவே பழகிய சொல்.

‘ஐயம்’ என்றால் இயந்திரம் யாரையோ சந்தேகிப்பதுபோல் இருக்கும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்தப் பொருளுக்கு நாம் ‘சந்தேகம்’ என்றுதான் பேசுகிறோம், ஐயம் அறிவு பற்றியதாகவே நிற்கிறது. எனக்கு இடறுவது வினைவடிவம்தான். ‘ஐயக்கருதுகிறது’ வாயில் வரவில்லை. ‘ஐயத்தோடு கருதுகிறது’ போதுமா, வேறு யாருக்காவது நல்லது தோன்றுகிறதா?