ஸ்லீப் போட்டு ஓட்டிய டெஸ்டுகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

கடன் விண்ணப்பம் வாங்கும் ஒரு வெப் அப்ளிகேஷனுக்கு 2019-ல் செலினியத்தில் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) டெஸ்ட் எழுத ஆரம்பித்தேன். என் லேப்டாப்பில் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ராத்திரி பில்ட் சர்வரில் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் பொதுக் கணினி) ஓடினால் தினம் ஏதாவது ஒன்று சிவப்பு, அதாவது பெயில். நேற்று விழுந்தது இன்று பாஸ் ஆகும், வேறொன்று விழும். பக்கம் வர நேரமாகிறது என்று நினைத்து, 'சமர்ப்பி' பட்டனுக்குப் பிறகு இரண்டு வினாடி ஸ்லீப் (சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போட்டேன். அப்புறம் ஐந்து. அப்புறம் பத்து. முழுதும் ஓடி முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனதே தவிர, சிவப்பு போகவில்லை.

டீமில் மூத்த அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்காதேப்பா. விண்ணப்ப எண் திரையில் வந்துவிட்டதா என்று பார்த்துக் காத்திரு" என்றார். எல்லா ஸ்லீப்பையும் பிடுங்கிவிட்டு வெப்டிரைவர்வெயிட் (சொன்னது நடக்கும் வரை மட்டும் காத்திருக்கும் செலினியம் வசதி) வைத்தேன். இருபது நிமிடத்தில் முடிந்தது, விழுவதும் நின்றது. இப்போது இன்னொரு கருவியான பிளேரைட்டில் எழுதுகிறோம். கிளிக் செய்யும் முன் பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, எனேபிள் ஆகியிருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் அந்த விண்ணப்ப எண்ணைப் பார் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

* * *

எனக்கு இப்படி டெஸ்ட் விழுந்தது டாக்கரில் (கன்டெய்னர் எனும் தனிப் பெட்டிக்குள் மென்பொருளை ஓட்டும் கருவி). கன்டெய்னருக்குள் குரோம் பாதியிலேயே கிராஷ் ஆகும். டெஸ்டில்தான் தப்பு என்று மூன்று நாள் தேடினேன். ஷேர்டு மெமரிக்கு (குரோமின் பகுதிகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) டாக்கர் தானாக ஒதுக்குவது 64 எம்பிதான். படங்கள் நிறைந்த பக்கத்துக்கு அது போதாது. 2 ஜிபி ஆக்கினேன், சரியானது.

* * *

ராத்திரி ஓட்டம் என்றதும் எனக்கும் ஒன்று. அப்பாயின்ட்மென்ட் பதியும் பக்கம். 'இன்றைய தேதி' டெஸ்ட் பகலில் பாஸ்; நள்ளிரவு 12 முதல் விடிகாலை 5.30 வரை ஓட்டினால் பெயில். பில்ட் மெஷினில் பிரவுசர் யுடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்) ஓடியது. நமக்கு விடிந்தும் அதற்கு இன்னும் நேற்றுதான். பிளேரைட் கான்பிகில் (அமைப்புக் கோப்பு) நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று வைத்தால் அன்றே பச்சையாகியிருக்கும். எனக்கு மனம் ஒப்பவில்லை. துபாயிலிருந்து மகன், சென்னையில் இருக்கும் அம்மாவுக்குப் பதிந்தால்? துபாய் நேரத்தை வைத்து ஓட்டினேன். நம் நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வரை முந்தைய நாள் தேதியே விழுந்தது. தேதியைப் பிரவுசரிடம் கேட்காமல் சர்வரிலிருந்து எடுக்கும்படி கோடை மாற்றினோம். துபாய் டெஸ்ட் இப்போதும் தினமும் ஓடுகிறது.