குழந்தைக்கு இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

ஆறு வயது மகளின் தாய்:
டான்சில் அறுவை முடிந்து வீடு திரும்பிய பின் வந்த ஓர் இரவு இன்னும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. மருத்துவர் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டையும் எழுதித் தந்திருந்தார். பாராசிட்டமால் கொடுத்துச் சற்று நேரமே ஆன நிலையில் மகள் விழித்துக்கொண்டாள். அவள் அழவில்லை, எச்சிலை விழுங்க அஞ்சி அதை வாயோரம் வழியவிட்டபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐபுப்ரோஃபெனுக்கு வேளை வந்திருந்ததால் புட்டியை எடுத்தேன். "ஒன்றன் மேல் ஒன்றாகக் கொடுத்தால் பிள்ளையின் ஈரல் என்னம்மா ஆகும்?" என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயினும் கொடுத்தேன், ஒரு மணி நேரத்துக்குள் மகள் தானாகவே தண்ணீர் கேட்டாள். அத்தையின் கேள்விக்கு மட்டும் அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை.

கை முறிந்த சிறுவனின் தந்தை:
அவசர சிகிச்சைப் பிரிவில் என் மகனுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்க முன்கையைத் திருப்பியபோது அவன் அலறுவான் என்று நான் கண்களை மூடிக்கொண்டேன். அவனோ அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆகவே இரண்டும் கலந்த ஒரே சிரப்பை வீட்டில் வைத்திருப்பதே எளிது என்பது என் கருத்து.

மருந்தாளுநர்:
மேலே உள்ள கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தாய் சளிச் சிரப், காய்ச்சல் சிரப், கலவைச் சிரப் ஆகியவற்றை என் முன் வரிசையாக வைத்து, எதை எப்போது கொடுப்பது என்று கேட்டார். லேபிள்களை அவர் பக்கம் திருப்பினேன். மூன்றிலும் பாராசிட்டமால் இருந்தது. அவர் பேச்சின்றித் தோளில் தூங்கிய குழந்தையை இறுக அணைத்துக்கொண்டார். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் பாதிக்கப்படும். முதல் நாளில் எந்த அறிகுறியும் தெரியாமலே போகலாம். ஐபுப்ரோஃபென் தொடுவது வேறு உறுப்புகளை, அதாவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும். அதனால்தான் தத்தம் அளவுக்குள் இரண்டையும் கொடுத்தால் ஈரலின் சுமை இரட்டிப்பாவதில்லை. வலியைக் குறைக்கும் வழிகளும் வேறு என்பதால் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. பொதுவாக ஒரு வேளைக்குக் கிலோவுக்குப் பாராசிட்டமால் 15 மி.கி., ஐபுப்ரோஃபென் 10 மி.கி. வரை என்று குழந்தையின் எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். முன்னதை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையும் பின்னதை 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இந்த வேறுபாட்டைக் கலவைச் சிரப்பில் கடைப்பிடிக்க வழியே இல்லை.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்:
மருந்தாளுநர் சொல்வது சரிதான். ஆனால் தனித்தனிப் புட்டிகளிலும் ஆபத்து உண்டு. தாய் ஒரு வேளையும் பாட்டி அடுத்த வேளையும் கொடுக்கும் வீடுகளில், எந்த மருந்து எப்போது போனது என்பதைத் தாளில் எழுதாவிட்டால் குழப்பம் உறுதி. எங்கள் பிரிவுக்கு வாந்தியும் கால்வலியுமாக வந்த ஒரு சிறுவன் காலையிலிருந்து சிறுநீரே கழிக்கவில்லை. உதடுகள் உலர்ந்து வெடித்திருந்தன. கையிலிருந்த சீட்டில் இரண்டு மருந்துகளும் இருந்தன. மருத்துவர் ஐபுப்ரோஃபெனை அடித்துவிட்டு முதலில் நீர்ச்சத்தை ஏற்றச் சொன்னார், ஏனெனில் உடல் உலர்ந்த நிலையில் அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். டான்சில் அறுவைக்குப் பிந்தைய வலிக்கு இவ்விரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ பரிந்துரைக்கும் அமெரிக்க வழிகாட்டுதல் 2019-இல் வந்தது. 12 வயதுக்குக் கீழ் கோடீன் என்ற அபின் வகை வலி மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே கூறிவிட்டது. ஆகவே பழைய சீட்டில் மிஞ்சிய கோடீன் சிரப்பை மூன்றாவதாகச் சேர்க்க எவரும் எண்ண வேண்டாம்.

காதுவலிக் குழந்தையின் தாய்:
எங்கள் மகன் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டிய இரவில் இரண்டும் வீட்டில் இருந்தன. பாராசிட்டமாலை எடைக்கு ஏற்ற முழு அளவில் கொடுத்ததுமே தூங்கிவிட்டான். முந்தைய வேளைகளில் அளவு குறைவாகவே போயிருந்தது என்று மறுநாள் மருத்துவர் கணக்கிட்டுக் காட்டினார். இரண்டாம் புட்டியைத் திறக்கவே தேவை வரவில்லை.