கிளாக்கோமாவுக்கான ஃபீல்டு டெஸ்ட்: அப்பாவை எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி (திருவையாறு வட்டம்)

வணக்கம். என் தந்தைக்கு 66 வயது. இன்றும் வயல் வேலைகளைத் தாமே கவனிக்கிறார். கண் பிரஷர் கூடுதலாக இருப்பதாகக் கூறித் தஞ்சாவூரில் மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்ததோடு, ஃபீல்டு டெஸ்ட் எனப்படும் பார்வைப் புலச் சோதனையும் எடுக்கச் சொன்னார். சோதனை முடிந்ததும், முடிவு நம்பும்படியாக இல்லை, மறுபடியும் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாதி வெளிச்சம் தெரியவே இல்லை, முடிவு அச்சிட்ட தாளிலும் கறுப்பாக இருக்கிறது, பார்வை போய்விட்டது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை படிப்பவருக்கு இந்தச் சோதனை எதற்கு, மறுமுறை போகும்போது அவரை எப்படித் தயார்படுத்துவது என்று அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் (ஆப்டோமெட்ரிஸ்ட், தஞ்சாவூர்)

உங்கள் தந்தையிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: ஏறத்தாழ பாதி வெளிச்சம் தெரியாமல் போவது, நல்ல பார்வை உள்ளவருக்கும் இந்தச் சோதனையில் இயல்பு. ஓர் இடத்தில் காட்டிய புள்ளி தெரிந்துவிட்டால், இயந்திரம் அதே இடத்தில் பிறகு அதைவிட மங்கலான புள்ளியைக் காட்டும். தெரியாவிட்டால் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டும். இப்படி ஏற்றியும் இறக்கியும், ஒவ்வோர் இடத்திலும் அவருக்குத் தெரியக்கூடிய மிக மங்கலான வெளிச்சம் எது என்பதை அது கணக்கிடுகிறது. இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை.

சுவரில் இருக்கும் எழுத்துகள் நடுப்பார்வையை மட்டுமே அளக்கின்றன. கண் நரம்பைப் பழுதாக்கும் நோயான கிளாக்கோமாவோ பெரும்பாலும் நடுப்பார்வையைக் கடைசி வரை விட்டுவைத்து, அதைச் சுற்றியுள்ள பகுதிகளைத்தான் முதலில் அரிக்கிறது. ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண்ணும் மூளையும் ஈடு செய்துவிடுவதால் நோயாளிக்கு அது தெரிவதில்லை. பார்வையின் கீழ்ப்பகுதி பாதிக்கப்பட்டவர்கள் வரப்பில் நடக்கும்போது அடிக்கடி கால் தவறுவார்கள். வயதாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

சோதனையின்போது ஒரு கண்ணை மூடி, மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டியபடி உட்கார வேண்டும். எதிரே வெள்ளைக் கிண்ணம் போன்ற உட்பரப்பு. அதன் நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு. பார்வை அந்த விளக்கிலேயே இருக்க வேண்டும். ஓரத்தில் எங்காவது ஒரு புள்ளி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மின்னி மறையும். தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமாக எடுக்கும் 24-2 என்ற முறையில் ஒரு கண்ணுக்கு 54 இடங்கள் சோதிக்கப்படும், சில நிமிடங்கள்தான். ஊசி கிடையாது, கண்ணைத் தொடுவதும் கிடையாது.

முடிவு நம்பும்படியாக இல்லாமல் போவதற்குக் காரணங்கள் சில உண்டு. புள்ளியைத் தேடிக் கண்ணைச் சுழற்றுவது முதல் காரணம். எல்லோர் கண்ணிலும் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இயந்திரம் இடையிடையே அங்கே வெளிச்சம் காட்டிப் பார்க்கும். அது தெரிந்ததாக அழுத்தினால், கண் விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். தாளில் வலக்கண்ணுக்கு வலப்புறமும் இடக்கண்ணுக்கு இடப்புறமும் காணப்படும் சிறு கருந்திட்டும் அந்தக் குருட்டுப் புள்ளிதான்; அப்பா பயந்த கறுப்பில் அதுவும் ஒரு பங்காக இருக்கலாம். இரண்டாவது, இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே அழுத்துவது. இது மிகவும் கெடுதல், ஏனென்றால் உண்மையான பாதிப்பை அது மறைத்துவிடும். மேலிமை தொங்கியிருந்தால் மேற்பகுதி கறுத்து வரும். டேப் ஒட்டித் தூக்கிவிடச் சொல்லிக் கேளுங்கள். கண் உலர்ந்தால் தாராளமாக இமைக்கலாம். பொத்தானை அழுத்தும் நேரத்தில் இமைத்தால் எதுவும் தவறிப்போகாது. களைப்பாக இருந்தால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கருவிகளில் சோதனை நிற்கும்.

பதில் (மயிலாடுதுறை)

பல ஆண்டுகளாகச் சொட்டு மருந்து போட்டுக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்கும் முதல் தாள் மோசமாகத்தான் வந்தது. பழகிய பிறகு எடுத்தது தெளிவாக இருந்தது. பலருக்கும் இப்படித்தான் என்று மருத்துவர் அப்போதே கூறினார். இரவெல்லாம் விழித்து மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, விடிந்ததும் பேருந்து ஏறி அப்பாவை வரவிடாதீர்கள். தூக்கம் கெட்ட கண் இந்தச் சோதனைக்கு உதவாது. காலையில் சாப்பிட்டுவிட்டு, படிக்கும் கண்ணாடியையும் பழைய தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். தொடங்கும் முன் ஒரு முறை பழக்கிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஒரே ஒரு தாளை வைத்து எந்த நல்ல மருத்துவரும் முடிவு சொல்வதில்லை. நரம்பின் படமும் பிரஷரும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், நோய் நகர்கிறதா என்று அறியத் தொடக்க ஆண்டுகளில் சோதனையை அடிக்கடி எடுக்கச் சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மறுபடியும் வர ஒப்புக்கொண்டார். இம்முறை முடிவு நன்றாக வந்தால் சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

பதில் (ஆப்டோமெட்ரிஸ்ட், தஞ்சாவூர்)

கூடவே கூடாது. போன பார்வை திரும்பாது. மீதியைக் காப்பதற்கே மருந்து. தாள் நன்றாக வந்தாலும், நரம்பு இழைகளில் ஒரு பகுதி அழிந்த பிறகுதான் இந்தச் சோதனையில் குறை தெரியத் தொடங்கும். சோதனை நாளன்றும் வழக்கமான நேரத்தில் சொட்டு போடட்டும். கண்ணின் பாப்பாவை (கருமணியை) விரிக்கும் சொட்டு அன்றைக்கே போடுவதாக இருந்தால், ஃபீல்டு டெஸ்ட்டை அதற்கு முன் முடித்துக்கொள்ளக் கேளுங்கள். இன்னொன்று: அப்பாவின் உடன்பிறந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், பிள்ளைகளுக்கும் அப்படியே. அவரோடு போகும் அன்றைக்கே நீங்களும் கண் நரம்பையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.