மே மாதக் கூட்ட நெரிசலில் ரோம், வெனிஸ், பாரிஸ்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): குழந்தைகளின் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் என்பதால், முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் அப்போதே ரோம், வெனிஸ், பாரிஸ் செல்கிறோம். நெடுவரிசைகளைத் தவிர்க்க வழியுண்டா?

பதில் (செங்கோட்டை): சபரிமலைக்கு முன்பதிவு செய்வதுபோல், ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்துக்கும் பெயரும் நேரமும் குறித்த சீட்டை முன்னதாகவே வாங்கி, கடவுச்சீட்டையும் உடன் கொண்டுசெல்லுங்கள். வாடிகன் அருங்காட்சியகத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம். அன்று கூட்டம் மிகுதி என்பதால் அந்த இலவசத்துக்கு ஆசைப்படாதீர்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும். புதன், வெள்ளி இரவு 9 மணி வரை திறந்திருப்பதால் மாலையில் செல்வதே நல்லது.

பதில் (குப்பம்): வெனிஸில் ஓர் இரவாவது தங்குங்கள். 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் பகலில் வந்து அன்றே திரும்பும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் பெறுகிறார்கள். நகரில் தங்குவோருக்கு அது இல்லை. அதைவிட முக்கியம், பகல் கூட்டம் திரும்பிய பிறகும் விடியற்காலையிலும் புனித மாற்கு சதுக்கத்தில் நிதானமாக நடக்கலாம். பாலங்களில் படிகள் மிகுதி என்பதால், பெரியவருக்கு வாப்பரெத்தோ எனும் பயணிகள் படகே உகந்தது. 1ஆம் எண் படகு பெருங்கால்வாய் வழியே செல்கிறது.

கேட்டவர்: நன்றி ஐயா. வெனிஸில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு, பாரிஸில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்கிறோம்.