ரெயின்போ லோரிகீட்: உங்கள் வீட்டுப் பக்கம் என்ன கதை?

தூங்காபி, சிட்னி:

ஆஸ்திரேலியாவில் இருக்கிற நம்மவர்களிடம் இந்தக் கிளியைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். முதலில் என் பங்கு.

இதைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், யாரோ கூண்டில் வளர்த்தது தப்பி வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நீலத் தலை, சிவந்த அலகு, பிடரியில் இளம்பச்சைப் பட்டை, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த மார்பு, நீல வயிறு, பச்சை முதுகு. வாலோடு சேர்த்து 25 முதல் 30 செ.மீ. இருக்கும். ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அலகு கறுப்பாக இருந்தால் குஞ்சு, வளர வளரச் சிவந்துவிடும்.

எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு கிரெவில்லியா செடி நிற்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் இது பூவைக் குடைந்துகொண்டிருக்கும். அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால்தான் நாக்கின் வேலை புரியும். வாய்க்குள் இருக்கும்வரை சாதாரணக் கிளி நாக்குதான். நீட்டினதும் நுனி விரிந்து, பெயின்ட் பிரஷ் போல மயிர்மயிராக நிற்கும். அதில் தேனும் மகரந்தமும் ஒட்டிக்கொள்ள, உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டும். இதை எவ்வளவு வேகமாகச் செய்கிறதென்றால், போனில் ஸ்லோ மோஷன் எடுத்தால்தான் தெரியும். ஒரு பூங்கொத்தை முடிப்பதற்குள் முகமெல்லாம் மஞ்சள் பொடி. தேன் தெம்புக்கு, மகரந்தம் புரதத்துக்கு. மற்ற கிளிகள் போல விதையை அரைக்கிற வலுவான இரைப்பை இதற்கு இல்லை.

குளிர்காலத்தில் தெருமுனைக்கு இடம் மாறிவிடும். அங்கே நம் கல்யாண முருங்கைக்கு உறவான மரம் ஒன்று இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். தலைகீழாகத் தொங்கியபடி அத்தனையும் குடிக்கும்.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

மெல்பர்ன்:

அண்ணை, நீங்கள் பூவைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்களுக்குச் சத்தம்தான் ஞாபகம் வருகிறது! எங்கட வீட்டுக்குக் கிட்ட உள்ள கடைத்தொகுதியின் கார் பார்க்கில் வரிசையாக மரங்கள். பொழுதுபடுகிற நேரம் எல்லாத் திசையிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து விழும். பக்கத்தில் நிற்கிற ஆளோடு கத்தித்தான் கதைக்க வேண்டும். இருட்டினதும் பட்டென்று அடங்கிவிடும். அந்த மரத்துக்குக் கீழே காரை விட்டால் காலையில் கண்ணாடி முழுக்கப் பிசுபிசுப்பு. தண்ணி ஆகாரம்தானே, எச்சமும் தண்ணிதான்.

ஒவ்வொரு அக்டோபரும் நாடு முழுக்க வீட்டுத் தோட்டப் பறவைகளை எண்ணுகிறார்கள். 2014 இல் தொடங்கினது. வருடம் தவறாமல் முதலிடம் இதற்குத்தான். தெருவெல்லாம் பூமரம் நட்டுவிட்டு வேறென்ன எதிர்பார்ப்பது?

பிரிஸ்பேன்:

என்னுடையது கூட்டுக் கதை. பின்வேலிக்கு அப்பால் ஒரு கிழட்டு கம் மரம் (யூகலிப்டஸ்). கிளை முறிந்த இடத்தில் பொந்து. குளிர் விலகத் தொடங்கினதும் ஒரு ஜோடி வந்து வீடு பார்க்க ஆரம்பிக்கும். ஒன்று உள்ளே போய் உளுத்த மரத்தூளைக் கிளறி வெளியே தள்ளும், மற்றது வாசலில் காவல். கூடு என்று தனியாக எதுவும் கட்டாது. உள்ளே கிடக்கிற மரத்தூள்தான் மெத்தை.

வழக்கமாக இரண்டு முட்டை, வெள்ளை. அடைகாப்பது பெண் மட்டும், சுமார் 25 நாள். ஊட்டுவது இரண்டும் சேர்ந்து. குஞ்சு ஏறக்குறைய 8 வாரம் உள்ளேயே கிடக்கும். கடைசி நாட்களில் கறுத்த அலகோடு தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்க்கும்.

இதற்கு நடுவில் நடக்கிற சண்டைதான் முக்கியம். எதிராளி யார் தெரியுமா? நம்ம ஊர் மைனா! 1860களில் பூச்சி பிடிக்கும் என்று மெல்பர்னில் கொண்டுவந்து விட்டது, இன்று கிழக்குக் கரை முழுக்கப் பொந்துக்குப் போட்டி. மைனா கிட்ட வந்தால் லோரிகீட் கழுத்தை வளைத்து, பக்கவாட்டில் தத்தித் தத்தி, தலையை மேலும் கீழும் ஆட்டும். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும். அதற்கும் அசையாவிட்டால் நேரே பாய்ச்சல்தான். தன்னைவிடப் பெரிய மேக்பையையே விரட்டுகிற பறவைக்கு மைனா எம்மாத்திரம். எனக்கு இதில் யார் பக்கம் நிற்பது என்று இன்னமும் குழப்பம், இரண்டு பேருக்குமே நான் வேண்டியவன்.

கோல்ட் கோஸ்ட்:

இந்தப் பக்கம் வந்தால் கரம்பின் சரணாலயத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். 1947 இல் அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்கிற பூ விவசாயியின் கிளாடியோலஸ் தோட்டத்தை இந்தக் கிளிகள் நாசம் பண்ணின. அவர் துப்பாக்கி எடுக்கவில்லை, தேன் கரைசல் வைத்து வேறு பக்கம் திருப்பினார். அப்புறம் அதைப் பார்க்கவே கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. இப்போதும் தட்டை நீட்டினால் தலையிலும் தோளிலும் வந்து உட்காரும். என் மகளுக்குக் காது மடலில் ஒரு கடி கிடைத்தது, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பெர்த்:

எல்லோரும் கொஞ்சுகிறீர்கள். இங்கே வந்து பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு இது சொந்தப் பறவை அல்ல. 1960களில் யார் கையிலிருந்தோ தப்பின சில பறவைகள்தான் இன்று நகரம் முழுக்க. அரசு இதைத் தீங்குயிரி என்று அறிவித்திருக்கிறது. திராட்சைக்காரர்கள் வலை போட்டுப் பாதுகாக்கிறார்கள். உள்ளூர்க் கிளிகளின் பொந்தையும் பிடுங்கிக்கொள்கிறது. மைனாவைத் திட்டுகிற பிரிஸ்பேன்காரர்கள் இதையும் யோசிக்கலாம்.

பிரிஸ்பேன்:

நான் எங்கே ஐயா திட்டினேன்!

வால்பாறை:

ஊரிலிருந்து ஒரு குறிப்பு. நீங்கள் சொல்கிற கிரெவில்லியா குடும்பத்து மரம் ஒன்றுதான் இங்கே தேயிலைத் தோட்டமெங்கும் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக். அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எங்களிடமும் தேன் குடிக்கிற கிளி உண்டு. சிட்டுக்குருவி அளவுதான், உடம்பெல்லாம் பச்சை, முதுகின் கீழ்ப்பகுதியில் மட்டும் நல்ல சிவப்பு. கல்யாண முருங்கை பூத்தால் தேடி வரும். இரவில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கித் தூங்கும். பெண் பறவை இலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, இறகுக்குள் சொருகிக்கொண்டு பொந்துக்குப் பறக்கும். உங்கள் ஆள் அளவுக்குக் கூச்சல் கிடையாது.

லிஸ்மோர் (காட்டுயிர் பராமரிப்புத் தொண்டர்):

வேலையில் இருந்ததால் தாமதமாக வந்தேன். கொஞ்சம் கசப்பான விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் லோரிகீட்டைப் பார்த்தால் “பாவம், களைத்துவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்திலும் உடம்பு செயலிழக்கிற ஒரு வாத நோய் வருகிறது. இறகெல்லாம் முழுசாக இருக்கும், கால் மட்டும் இழுக்கும். முற்றினால் கண் இமைக்க முடியாது, விழுங்க முடியாது. ஏதோ ஒரு செடியின் நஞ்சு என்று சந்தேகிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கில் விழுந்தன, பெட்டி போதாமல் துணிக்கூடையில் வைத்தோம். விழுங்க முடியாததற்குத் தண்ணீர் புகட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். துண்டால் மூடிப் பிடித்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சீக்கிரம் வந்தவை நிறையப் பிழைக்கின்றன.

இறகு உதிர்ந்து பறக்க முடியாமல் தரையில் ஓடுகிறதா? அது வேறு. அலகு, இறகு நோய் என்கிற வைரஸ். சுலபமாகத் தொற்றும்.

அடுத்தது, ரொட்டியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து வைக்கிற பழக்கம். வாங்கிச் சாப்பிடும், நாளைக்கும் வரும், உங்களுக்கும் சந்தோஷம். ஆனால் அதில் சத்து கிடையாது, வெயிலில் புளித்துக் குடல் நோயும் வரும். ஒரே தட்டில் ஐம்பது பறவை வாய் வைத்தால் மேலே சொன்ன வைரஸும் சேர்ந்து போகும்.

தூங்காபி, சிட்னி:

அக்கா, அப்படியானால் தண்ணீர்த் தொட்டியும் வைக்கக் கூடாதா? மதியத்தில் நாலைந்து ஒன்றாக வந்து குளித்துக் கும்மாளம் போடுகின்றன.

லிஸ்மோர்:

தாராளமாக வையுங்கள். தினமும் தண்ணீர் மாற்றுங்கள், அடிக்கடி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல் போட்டுவிடுங்கள். தீனிக்கு உங்கள் ஜன்னலோரக் கிரெவில்லியாவே போதும். இடமிருந்தால் பக்கத்தில் ஒரு பாட்டில்பிரஷ் செடி நடலாம்.