நட்சத்திர ஆட்டக்காரருக்கு விசில் தனியா? பாஸ்கெட்பால் கோர்ட்டில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பெஞ்ச்_நம்பர்_12

கல்லூரி நாட்களில் டிஃபென்ஸுக்காக மட்டுமே டீமில் இருந்தவன் நான். ஷூட்டிங் சுமார்தான். ஒரு ஃபைனலில் எதிரணியின் நட்சத்திர கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரரை, மார்க் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டாவது குவார்ட்டரில் அவர் பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்ந்து டிரைவ் வந்தார். நான் முன்கூட்டியே போய்க் காலை ஊன்றி நின்றுவிட்டேன், கை இரண்டும் மேலே. அவர் தோள் நேராக என் நெஞ்சில் இடித்தது. மல்லாக்க விழுந்தேன். விசில். அப்பாடா, சார்ஜிங், இடித்தது அவர் தப்பு என்று தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தால், ரெஃப்ரி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பிளாக்கிங், அதாவது வழியை மறித்தது என் தப்பு. எனக்கு மூன்றாவது ஃபவுல்.

"சார், நான் நின்னுட்டுத்தானே இருந்தேன்?" என்றேன். "போய் நில்லுப்பா" என்றார். சரி என்று போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதே நட்சத்திரத்துக்கு ஒரு டிராவல் (பந்தைத் தட்டாமல் கால் நகர்த்திய தப்பு) கொடுத்தார்கள். அவர் முகம் சுளித்தார், அவ்வளவுதான். அதே ரெஃப்ரி அவர் தோளில் கை போட்டு, எது ஊன்றி நிற்க வேண்டிய பைவட் கால், அது எப்போது நகர்ந்தது என்று செய்தே காட்டினார். அந்த ஃபவுல்கூட மறந்துவிட்டது. தோளில் போட்ட அந்தக் கை மறக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? டிவியில் பார்த்ததையும் எழுதலாம், ஆனால் நேரில் பட்டதை எழுதினால் நன்றாக இருக்கும்.

டிவி_முன்னாடி

நேரில் பட்டது எதுவும் இல்லை, மன்னிக்கவும். நான் அமெரிக்காவின் டல்லாஸ் அணி ரசிகன். 2006 என்.பி.ஏ. (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) ஃபைனல்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் மயாமியின் டுவைன் வேட் என்ற ஒரே ஆளுக்கு 25 ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் போடும் ஷாட்) கிடைத்தது. டல்லாஸ் அணி மொத்தத்துக்கும் கிடைத்ததும் அதே 25. ஓவர்டைமில் 101-100 என்று மயாமி ஜெயித்தது. அன்று ரிமோட்டை எறிந்தேன்.

பல வருடம் கழித்து அதே ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வேட் ஓயாமல் வளையத்துக்கு அடியில் போய் உடம்பைக் கொடுக்கிறார். எங்கள் டர்க் நொவிட்ஸ்கியின் பலமே தள்ளி நின்று போடும் ஜம்ப் ஷாட். இடி வாங்குகிற இடத்தில்தானே விசில் அடிக்கும்? எண்ணிக்கையை வைத்து மட்டும் திருட்டு என்று சொல்ல இப்போது எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1.9 நொடி இருக்கும்போது நொவிட்ஸ்கி மேல் கொடுத்த அந்தக் கடைசி ஃபவுல் இன்னும் செரிக்கவில்லை. வேட் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அடித்திருப்பார்களா?

விசில்_ஊதியவன்

பதினொரு வருடம் உள்ளூர் லெவலில் ரெஃப்ரியாக இருந்தேன். நம்பர் 12 தம்பி, உங்கள் ஆட்டத்தில் இருந்தது நானில்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு செமி ஃபைனல். நான்காவது குவார்ட்டர், ஐந்து நிமிடம் பாக்கி. ஒரு டீமின் உயிரே அந்த ஒரு பையன்தான், அவனுக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டது. இன்னொன்று கொடுத்தால் வெளியே. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு, ரிபவுண்டுக்கு, எல்லோரும் எகிறினார்கள். எதிரணிப் பையனின் முன்கையில் இவன் கை பளீரென்று விழுந்தது. பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தச் சத்தம் காதில் விழுந்தது. விசில் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை.

யாரும் காசு கொடுக்கவில்லை. கூட்டத்துக்குப் பயந்தேன் என்றும் சொல்ல மாட்டேன். மனசுக்குள் ஓடியது இதுதான்: "இந்தச் சின்ன அடிக்கா இவனை அனுப்புவது? தெளிவாக ஒன்று வரட்டும்." பெஞ்சிலிருந்து வந்த ஒரு பையனின் ஐந்தாவது ஃபவுலுக்கு நான் ஒரு நாளும் தெளிவாக ஒன்று வரட்டும் என்று காத்திருந்ததில்லை. ஊதிவிட்டு டேபிள் பக்கம் விரலைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

தம்பி சொன்ன பிளாக்கிங் விஷயத்துக்கு வருகிறேன். டிரைவ் வரும்போது டிஃபென்டரைப் பார், அவன் முதலில் இடத்தைப் பிடித்தானா என்று பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். நட்சத்திரம் பந்தோடு கிளம்பினால் கண் அவன் பின்னாலேயே போய்விடும், அழகாக ஆடுகிறான் இல்லையா. டிஃபென்டர் எப்போது வந்து நின்றான் என்பதை நான் பார்த்திருக்கவே மாட்டேன். இடி சத்தம் கேட்டபின் திரும்பி, என்ன நடந்திருக்கும் என்று மூளை ஒரு கதை கட்டும். அந்தக் கதையில் நல்ல ஆட்டக்காரன் தாண்டிப் போய்விட்டிருப்பான், சுமாரான ஆள் தாமதமாக வந்திருப்பான். கை தானாக இடுப்புக்குப் போய்விடும்.

போஸ்ட்_அப்

எனக்கு நேர் எதிர். எங்கள் டீமில் நான்தான் உயரம், கனம், நல்ல பிளேயர் என்ற பெயரும் உண்டு. போஸ்ட்டில், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில், பந்து வாங்கினால் இரண்டு பேர் முதுகில் தொங்குவார்கள். ஒருமுறை ஜெர்சியின் தோள்பட்டை தையலே விட்டுவிட்டது. ரெஃப்ரி சிரித்துக்கொண்டே "உனக்கு இதெல்லாம் ஒரு அடியா?" என்றார். என்.பி.ஏ.-யின் அந்த ராட்சத சென்டர் ஷகீல் ஓனீல் பட்ட பாட்டைப் பாருங்கள். ஃப்ரீ த்ரோவில் பாதியைவிடச் சற்று அதிகம்தான் போடுவார் என்று தெரிந்து வேண்டுமென்றே அடித்தார்கள். அதற்காவது விசில் உண்டு. மற்ற நேரத்தில் அவர் கையில் ஆள் தொங்கினாலும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கார்டுகளுக்குத்தான் சலுகை, எங்களுக்கு எங்கே?

சும்மா_பார்வையாளர்

சலுகை சலுகை என்கிறீர்களே, 2023 ஜனவரியில் பாஸ்டனில் லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் கடைசி நொடியில் வளையத்துக்குப் பக்கத்தில் லே-அப் போகும்போது கையில் அடி விழுந்தது. ஊதவில்லை. அவர் தரையில் மண்டியிட்டே விட்டார். ஆட்டம் முடிந்தபின் தவறவிட்டோம் என்று நடுவர்களே ஒத்துக்கொண்டார்கள். லேக்கர்ஸ் ஓவர்டைமில் தோற்றது தோற்றதுதான். 2007-இல் இன்னொரு என்.பி.ஏ. நட்சத்திரம் டிம் டங்கன் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்காக வெளியேற்றப்பட்டார்! பிறகு அந்த நடுவரைத்தான் லீக் சஸ்பெண்ட் செய்தது என்பது வேறு கதை.

முன்னாள்_கேப்டன்

நான் சொல்லப்போவது யாருக்கும் பிடிக்காது. எங்கள் வட்டாரத்தில் அந்த நட்சத்திரம் நான்தான்.

ஆட்டத்துக்கு முன்னாடி ரெஃப்ரிகளிடம் போய் வணக்கம் சொல்வேன். ஊதும்போது ஒருநாளும் கத்த மாட்டேன், டைம்-அவுட்டில் மெதுவாகப் போய் "சார், அந்த ஆறாம் நம்பர் இடுப்பில் கை வைக்கிறாள், கொஞ்சம் பாருங்கள்" என்பேன். அடுத்த இரண்டு தடவைக்குள் விசில் வரும். டிரைவ் போகும்போது டிஃபென்டரின் கைக்குள் என் கையைக் கோத்து மேலே தூக்குவேன், தலையைப் பின்னால் சொடுக்குவேன். பத்துக்கு ஏழு தடவை ஃப்ரீ த்ரோ கிடைக்கும். இதே மாதிரி வித்தைகள் என்.பி.ஏ.-யிலும் அளவு மீறிப்போய், 2021-22 சீசனில் ஷூட்டர் தானாக உடம்பை எறிந்தால் ஃபவுல் கிடையாது என்று இறுக்கினார்கள்.

அப்புறம் பெரிய டீம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. முதல் ஆட்டத்தில் அதே மாதிரி கையைக் கோத்தேன், அதே சொடுக்கு. விசில் வரவில்லை. பந்து கையிலிருந்து நழுவி, எதிரணி அதை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு ஓடியேவிட்டது. நான் இன்னும் ரெஃப்ரி முகத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். "ஓடு!" என்று கோச் கத்தினார். ஒரு மாதத்தில் ஒன்றும் என் ஆட்டம் மாறிவிடவில்லை. அதுவரை வாங்கியதில் எத்தனை நிஜ ஃபவுல் என்று அன்றிரவு எண்ணிப் பார்க்க முயன்றேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

பெஞ்ச்_நம்பர்_12

அக்கா, இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. அந்த ஆறாம் நம்பர் இதைப் படிக்காமல் இருக்கட்டும். விசில் அண்ணா, ஒரே கேள்வி. அந்தச் செமி ஃபைனலில் தெளிவாக ஒன்று வந்ததா?

விசில்_ஊதியவன்

வரவில்லை தம்பி. அவன் நாலு ஃபவுலோடேயே ஆடி முடித்தான், அவன் டீம் மூன்று பாயிண்டில் ஜெயித்தது. முடிந்ததும் வந்து கை கொடுத்து "நன்றி சார்" என்றான். ரிபவுண்டில் அடி வாங்கிய பையன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் கடந்து போகும்போது அவன் முன்கை இன்னும் சிவந்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் நிற்காமல் போய்விட்டேன்.